குளத்துக்கு வைத்தியம்

விருத்தாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். துடைத்த பிறகு தண்ணீர் இன்னும் பச்சையாகத் தெரிந்தது.

"வீரம்மா! இது எப்பலேருந்து இப்படிக் கெடக்குது?"

அவர் மனைவி வீரம்மாள் அடுப்படி ஜன்னல் வழியாகவே பதில் சொன்னாள். "எனக்கு எப்படித் தெரியும்? கட்டுன நாள்லேருந்து நீங்களும் எறங்கல, நானும் எறங்கல. தவக்களை ஒண்ணுதான் எறங்கிக்கினு கீது. அதைக் கேளுங்க."

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில் சொந்த நீச்சல் குளம் உள்ள வீடு அவருடையது ஒன்றுதான். வீட்டில் யாருக்கும் நீந்தத் தெரியாது. அவர் குளம் கட்டியது நீந்துவதற்காக அல்ல. வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய் வயிறு எரிவதற்காக. அந்த வகையில் குளம் நன்றாகவே உழைத்துக்கொண்டிருந்தது, இந்தப் புதன்கிழமை காலை வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து அவர் மகள் சங்கவியைப் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை தமிழ்மணிக்கு வங்கியில் வேலை. ஜாதகம் பார்த்தாயிற்று, போட்டோ மாற்றியாயிற்று, பையனும் பெண்ணும் போனில் பேசவும் தொடங்கியாயிற்று. வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த சங்கவி, "இந்த இடம்னா எனக்குச் சரிப்பா" என்று முதல்முறையாக வாயைத் திறந்து சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக விருத்தாசலம் எதையும் செய்வார். இது நழுவிவிடக் கூடாது என்பதுதான் இப்போது அவருக்கு இருந்த ஒரே கவலை.

தரகர் சக்கரபாணி காலையில்தான் போன் செய்திருந்தார். "அண்ணே, எல்லாம் ஓகே. உங்க குளத்தைப் பத்தி மட்டும் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. நெஜமாவே குளம் கீதா, அதுல தண்ணி இருக்குமா, ஆழம் எவ்ளோன்னு. நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்களாம்."

"தண்ணி இருக்குமாவா? கண்ணாடி மாதிரி இருக்கும், வந்து மூஞ்சி பாத்துக்கச் சொல்லு!" என்றார் விருத்தாசலம். சொன்ன கையோடு வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

சங்கவி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, ஒருவேளை அவங்களுக்குக் குளம் புடிக்கலைன்னா?"

"குளம் புடிக்காதவன் எனக்குச் சம்பந்தியே இல்ல. கடலூர்க்காரன் ஒருத்தன் வந்தானே, எதுக்குங்க வீட்டுக்குள்ள இவ்ளோ பெரிய தொட்டின்னு கேட்டானே, காபி ஆறறதுக்குள்ள அனுப்பி வெச்சனா இல்லியா?"

"அனுப்பிட்டீங்க" என்றாள் சங்கவி. கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கல்யாணம் கூடி வருகிற வீட்டில் பெண்கள் போனும் கையுமாக மாடிக்குப் போவது சகஜம் என்பதால் அவர் கண்டுகொள்ளவில்லை.

குளத்தைக் கட்டிய புதுச்சேரி ஆட்கள் முன்பெல்லாம் வாரம் ஒரு முறை வந்து மருந்து போட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன், "சார், மருந்து விஷயத்துல மட்டும் நீங்க கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டான். யாரிடம்? திண்டிவனத்திலேயே பெயர்பெற்ற உரக்கடைக்காரரிடம். அன்றோடு அவர்களை நிறுத்திவிட்டார். அவர்கள் விட்டுப்போன குளோரின் பவுடர் டப்பாவும் ஆசிட் கேனும் கார் ஷெட்டில் கிடந்தன.

இப்போது வேறு வழியில்லாமல், மானத்தை மடித்து வைத்துவிட்டு, அவர்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது சங்கவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகம் இப்போது தெளிந்திருந்தது.

"எதுக்குப்பா அவங்களைப் போய்க் கூப்புடறீங்க? பயிருக்கே வைத்தியம் பாக்கறவரு நீங்க. ஒரு குளத்துக்குப் பாக்க மாட்டீங்களா?"

விருத்தாசலம் போனைச் சட்டைப் பையில் போட்டார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த பெண் வாயால் இப்படி ஒரு வார்த்தை கேட்பது என்றால் சும்மாவா? அவள் பட்டம் வாங்கிய போட்டோவைக் கூடத்தில் பெரிதாக மாட்டி வைத்திருந்தார். அவளிடம் ஒரு கெமிக்கலைப் பற்றிக்கூட இதுவரை எதுவும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய வைத்தியமுறை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் விவசாயிகள் நோய் விழுந்த இலையோடு பஸ் ஏறி வருவார்கள். இலையை அவர் கையில் வாங்கக்கூட மாட்டார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பூச்சிக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று எடுத்து வைப்பார். "எல்லாத்தையும் ஒரே டேங்க்ல கலந்து அடிச்சிடு." அளவு கேட்டால், "டப்பாவுல போட்டிருக்கறது கம்பெனிக்காரன் கணக்கு. நம்ம மண்ணுக்கு ஒரு கை கூடப் போடணும்" என்பார். பயிர் பிழைத்தால் அவர் மருந்து. பிழைக்காவிட்டால், "லேட்டா வந்துட்டியே."

"டப்பாவுல என்னப்பா போட்டிருக்குதுன்னா..." என்று சங்கவி குளோரின் டப்பாவைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள். "கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். பக்கெட்ல தண்ணி புடிச்சு அதுல பவுடரைப் போடணும், பவுடர் மேல தண்ணி ஊத்தக் கூடாது. பம்பு ஓடிக்கினு இருக்கணும். சாயங்காலமாக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்."

"மல்லாட்டைப் பயிருக்கு ஜிப்சம் தூவுன கைம்மா இது. எனக்கே பாடம் எடுக்கறியா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வரப்பில் நடப்பதுபோலக் குளத்தின் கரையில் நடந்து, கை கையாக அள்ளி வீசினார். உச்சி வெயில். பம்பு ஓடவில்லை. எதிர்க்காற்று மட்டும் நன்றாக ஓடியது. வீசியதில் பாதி குளத்துக்குப் போனது, பாதி அவருக்கே திரும்பி வந்தது. கண்ணைப் பிடித்துக்கொண்டு அவர் குழாயடிக்கு ஓடினார். சங்கவி ஓடிவந்து கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். எரிச்சல் அடங்கி நிமிர்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து ஒருதடவை போட்டுப் பார்த்த மாம்பழ நிறச் சட்டை வெள்ளைத் திட்டுத் திட்டாக மாறியிருந்தது.

"சட்டைக்குத் தேமல் வந்து இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் வீரம்மாள்.

"சட்டை போனாப் போவுது. காலையில தண்ணியைப் பாரு."

காலையில் பார்த்தார்கள். பச்சை சுத்தமாகப் போயிருந்தது. அந்த இடத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாய்லரைக் கவிழ்த்ததுபோலக் குளம் முழுக்கச் செம்பழுப்பாக ஏதோ நின்றது.

"போர் தண்ணிப்பா. அதுல இரும்பு இருக்குது" என்றாள் சங்கவி. "அளவா, மெதுவாப் போட்டிருந்தா ஃபில்டர் புடிச்சிருக்கும். மொத்தமாக் கொட்டுனதுல அத்தனையும் ஒரேயடியாத் துருவாயிடுச்சு."

"அப்ப இரும்புக்கு ஒண்ணு, பாசிக்கு ஒண்ணு. அவ்ளோதானே?" விருத்தாசலத்தின் கண்களில் கடைக்களை வந்துவிட்டது. "ஒரே டேங்க்ல அடிச்சிடலாம்."

சங்கவியின் முகம் வெளுத்தது. "அப்பா, சத்தியமாச் சொல்றேன். குளோரினையும் ஆசிடையும் மட்டும் ஒண்ணாச் சேக்காதீங்க. அது விளையாட்டு இல்ல. விஷவாயு."

"சரி சரி" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கார் ஷெட்டில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அவர் வீட்டில் அவர் மருந்துக்கே பூட்டா? சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார்.

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் மிச்சமிருந்த பவுடரைக் கொட்டினார். ஆசிட் கேனைத் திறந்து அதன்மேல் ஒரு மூடி ஊற்றினார். ஒரே ஒரு மூடிதான். டிரம் சீறியது. மஞ்சளும் பச்சையுமாய் ஒரு புகை எழுந்து நேராக அவர் மூக்கைத் தேடி வந்தது. நெஞ்சை யாரோ பிடித்துப் பிசைவதுபோல் இருந்தது. இருமக்கூட முடியவில்லை. அடுத்த மூடிக்காகக் கேனைச் சாய்த்த கை அப்படியே நின்றது.

சங்கவி மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகக் குதித்து வந்தாள். துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஓடினாள். "அம்மா! வெளிய வாம்மா! ஜல்தி!" வீரம்மாள் கரண்டியோடு ரோட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார்கள். மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி வந்து வாசலில் நின்றதும், மயிலம் சாலையில் பாதி ஊர் கூடிவிட்டது.

முகமூடி போட்ட இரண்டு பேர் உள்ளே போய், எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த விருத்தாசலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தொழில் பண்றீங்க ஐயா?"

"மருந்து... மருந்துக் கடை" என்றார், இருமலுக்கு நடுவே. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழம வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்க. வெளிய தெரியாமப் பாத்துக்கணும்" என்றார்.

"இன்னும் ரெண்டு மூடி ஊத்தியிருந்தீங்கன்னா அவங்க மாலை வாங்கிக்கினு வந்திருப்பாங்க" என்றார் அதிகாரி. மருத்துவமனைக்குப் போய் நெஞ்சைக் காட்டச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மருத்துவமனையில் ஒன்றும் பயமில்லை என்றார்கள். ஆனால் சங்கவி அழுகையை நிறுத்தவில்லை. அவள் அப்படி அழுது அவர் பார்த்ததே இல்லை. "அந்தப் பூட்டை எதுக்குப்பா ஒடைச்சீங்க? உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? எல்லாம் என்னாலதான்" என்று அவர் தோளில் சாய்ந்து தேம்பினாள்.

விருத்தாசலத்துக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. பாவம், குளம் கெட்டுப்போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று குழந்தை எவ்வளவு பயந்திருக்கிறது! "அழாதம்மா. உங்கப்பன் இருக்கறவரைக்கும் அந்தக் குளத்தைத் தெளிய வெக்காம விட மாட்டேன்" என்றார். அதைக் கேட்டு அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

வெள்ளிக்கிழமை சங்கவி முதல் வேலையாக, புதுச்சேரி ஆட்களை வரவழைத்து ஆசிட் கேனையும் மிச்சம் மீதியையும் அவர்களிடமே ஒப்படைத்தாள். அப்படியே பம்பை ஓடவிட்டு, ஃபில்டரை அலசச் சொன்னாள். மாலைக்குள் டீ கொஞ்சம் வெளிறி, இஞ்சி டீ அளவுக்கு வந்திருந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள தெளிஞ்சிடுமா?" என்றார் விருத்தாசலம்.

"தெரியலப்பா." அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன். படிகாரம் மட்டும் போட்டுடாதீங்க. அதுல ஆபத்து ஒண்ணும் இல்ல. கொஞ்சமாப் போட்டாத் தெளியக்கூடச் செய்யும். ஆனா கூடப் போயிட்டா மோர் மாதிரி ஆயிடும். அப்பறம் மொத்தத் தண்ணியையும் வடிக்கறதைத் தவிர வேற வழியே கெடையாது."

பொறுமையாக, விரல் விட்டு எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். விருத்தாசலத்தின் காதில் 'கொஞ்சமாப் போட்டாத் தெளியும்' என்பது மட்டும் விழுந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் படிகாரத்தால் ஒரு சுற்று சுற்றித் தெளிய வைத்ததை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். குடத்துக்கு ஒரு சுற்று என்றால் குளத்துக்கு? கடைத்தெருவுக்குப் போய் ஒரு மூட்டை வாங்கி வந்தார். மூட்டையைப் பார்த்ததும் சங்கவி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வைத்தியத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் தன் மீது நம்பிக்கை வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அளவாகத்தான் போட்டார். அப்புறம் ஒரு கை கூடப் போட்டார். அப்புறம், மூட்டையில் மிச்சம் வைத்து என்ன செய்வது என்று அதையும் போட்டார்.

சனிக்கிழமை விடிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். குரங்காகியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு உருவம் இருந்திருக்கும். குளம் முழுக்க வெள்ளை வெளேரென்று, கட்டி கட்டியாக, மோர் பானை திரிந்ததுபோல் கிடந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டு, பம்பு ஒருமுறை முனகிவிட்டுப் புகைவிட்டு நின்றது.

வீரம்மாள் எட்டிப் பார்த்தாள். "பச்சைப் பால், டீ, மோர். எல்லாம் ஆயிடுச்சு. நாளைக்கு வர்றவங்களுக்கு நான் தனியாக் காபி போடணுமா, இல்ல இதுலயே ஏதாவது மொண்டு குடுத்துடலாமா?"

விருத்தாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு வாழ்க்கையை நானே கெடுத்துட்டனே வீரம்மா" என்றார். கடையில் எத்தனையோ பேர் வாடிய இலையோடு வந்து இதே மாதிரி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார். அவர்களிடம் சொல்லும் பதிலை அவருக்கு அவரே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"வடிச்சிடலாம்ப்பா" என்றாள் சங்கவி. வடிக்கிற மோட்டாரும் குழாயும் ஏற்கெனவே வாசலில் வந்து இறங்கியிருந்தன. பெண் எவ்வளவு பொறுப்பு என்று அந்தத் துக்கத்திலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் குளம் வற்றியது. நீல ஓடுகள் பல்லைக் காட்டின. ஓரத்தில் தவளை ஒன்று, வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடித்தனக்காரனைப்போல முறைத்துக்கொண்டிருந்தது. விருத்தாசலம் தண்ணீர் லாரிக்காரருக்கு ரகசியமாகப் போன் செய்தார். "விடியறதுக்குள்ள ரொப்பணும். எத்தனை லோடு ஆனாலும் சரி." லாரிக்காரர் சத்தியம் செய்தார். தண்ணீர் லாரிக்காரர் சத்தியம் எப்போது பலித்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை லாரி வருவதற்கு முன் விழுப்புரம் கார் வந்துவிட்டது. மாப்பிள்ளை தமிழ்மணி, அவன் அப்பா தேவநாதன், அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மா. பெரியம்மா அதிகம் பேசாத மனுஷி. வெற்றிலையை மட்டும் மென்றுகொண்டிருந்தார்.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்தது. சங்கவி வந்து வணங்கிவிட்டுப் போனாள். தேவநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தக் குளத்தைக் கொஞ்சம் பாக்கலாமுங்களா?"

"அதுக்கென்னங்க, இன்னொரு பஜ்ஜி சாப்பிட்டுட்டு..."

"இல்லீங்க. அதைப் பாத்துட்டுத்தான் மறுவார்த்தை பேசணும்னு வந்திருக்கோம்."

தூக்குமேடைக்குப் போகிறவர்போல விருத்தாசலம் முன்னால் நடந்தார். எல்லோரும் கரையில் வந்து நின்றார்கள். தமிழ்மணி மட்டும் பத்தடி தள்ளியே நின்றான். காய்ந்த குளத்தை அவர்கள் வெகுநேரம் பார்த்தார்கள். விருத்தாசலம் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சொட்டுத் தண்ணி இல்லியே!" என்றார் தேவநாதன்.

"அது வந்துங்க... ஒரு சின்ன..."

தேவநாதன் திரும்பி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. "சம்பந்தி! இனிமே அப்படித்தான் கூப்புடுவேன். மறைக்காமச் சொல்லிடறேன். எங்க பையனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல கீது. சின்னப் புள்ளையில பெண்ணையாத்துலயே ஒருவாட்டி பொழைச்சு வந்தவன். பொண்ணைப் பாத்தா வேணாம்னு சொல்ல மனசு வரல. ஆனா மாமனார் வீட்டுலயே குளத்தை வெச்சுக்கினு எப்படி அனுப்பறது? தண்ணி நின்னுதுன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டுக் கெளம்பிடறதுன்னுதான் வந்தோம்."

விருத்தாசலத்துக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் எல்லாம் ஓடியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்தது.

"எனக்குத் தெரியாதுங்களா சம்பந்தி? மாப்பிள்ளை வர்ற வீடு. ஜாதகத்தைப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தக் குளத்துல இனிமே ஒரு சொட்டுத் தண்ணி விட்டா நான் விருத்தாசலம் இல்ல!"

அந்த நேரம் பார்த்து வாசலில் தண்ணீர் லாரியின் ஹாரன் பலமாகக் கேட்டது. விருத்தாசலம் வயதை மறந்து ஓடினார். "அட்ரஸ் தப்புப்பா! இந்த வீடு இல்ல! நேராப் போ, போய்க்கினே இரு!" என்று லாரியை விரட்டிவிட்டு, மூச்சு வாங்க, முகம் நிறையச் சிரிப்போடு திரும்பி வந்தார். வீரம்மாள் தாம்பூலத் தட்டை எடுக்க உள்ளே போனாள். சங்கவி தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அதுவரை வாயைத் திறக்காத பெரியம்மா, வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்து விருத்தாசலத்தின் தோளைத் தட்டினார்.

"நான்தான் நம்பல சம்பந்தி. 'வடிங்கன்னு சொன்னா எங்கப்பா வடிக்க மாட்டாரு பெரியம்மா, வைத்தியம் பண்ணுங்கன்னு விட்டுட்டாப் போதும், ஞாயித்துக்கெழமைக்குள்ள குளம் தானாக் காஞ்சிடும்'னு உங்க பொண்ணு புதன்கெழமையே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிடுச்சு!"